கட்டியின் ஓரத்தில் நிற்பவை

மார்பகத்திலிருந்து மூளைக்குப் பரவிய கட்டியின் ஸ்லைடு வந்தால், நான் முதலில் அதன் ஓரத்தைத்தான் பார்ப்பேன். சாயம் ஏற்றினால், மூளையின் துணைச் செல்களான ஆஸ்ட்ரோசைட்டுகள் பழுப்பு நட்சத்திரங்களாகக் கட்டியை வளைத்து நிற்கும். காவல் என்றுதான் தோன்றும். பாதி உண்மை. புதிதாக நுழையும் புற்றுசெல்களில் பலவற்றை ஒழிக்க இவை உதவுகின்றன.

தப்பிப் பிழைத்தவற்றின் கதை வேறு. ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்தார் 2015-ல் காட்டியது இது: ஆஸ்ட்ரோசைட்டுகள் நுண்பைகளில் மைக்ரோ ஆர்என்ஏவை அனுப்பி, புற்றுசெல்லின் கடிவாளமான ‘பிடென்’ மரபணுவை அடக்கிவிடுகின்றன. அதே செல்லை எலியின் மூளையிலிருந்து வெளியே எடுத்தால் பிடென் திரும்பிவிடுகிறது! 1889-ல் லண்டனில் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டி, விதையான புற்றுசெல் மட்டும் போதாது, அது விழும் உறுப்பு என்ற மண்ணும் வேண்டும் என்றார். மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

மூளையின் நரம்பு செல்களும் சும்மா இல்லை. அவற்றின் சந்திப்பருகே ஒட்டிக்கொள்ளும் மார்பகப் புற்றுசெல்கள், அங்கே சுரக்கும் குளூட்டமேட்டைத் தம் வளர்ச்சிக்குப் பயன்படுத்துவதாக 2019-ல் தெரியவந்தது.

மூளைக்கு வந்த செல் அப்படியே பழைய செல்லாக இருப்பதில்லை. அறுவை சிகிச்சையில் கட்டி கிடைத்தால், பழைய மார்பக ரிப்போர்ட் இருந்தாலும், புற்றுசெல்லின் ‘ஹெர்2’ புரதத்துக்கான சோதனையை மறுபடி செய்யச் சொல்வேன்.