இரும்புக்குள் ஒரு குமிழி

இட்லியைப் பிட்டா உள்ளே குட்டிக் குட்டிக் கண்ணு தெரியும். இரும்பை உடைச்சாலும் அப்படித் தெரியுமா நேயர்களே?

சில நேரம் தெரியும்! கோடையில போடிமெட்டுக்கு மேலே ஏலச்செடிக்குத் தண்ணி இறைக்கிற பம்புசெட் இருக்கே, அதோட இரும்புக் கூடு பெரும்பாலும் மணல் அச்சில உருக்கி ஊத்தினது. கோயம்புத்தூர் பவுண்டரிகள் இதுக்குப் பேர்போனவை.

அச்சு நிக்க மணல்ல கொஞ்சம் ஈரம் வேணும். அது கூடிட்டாத்தான் வம்பு. உருகின இரும்பு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கும் மேலே விரியும். வெளியேற வழியில்லேன்னா இரும்புக்குள்ளேயே குமிழியா நின்னுடும். 'புளோ ஹோல்'னு சொல்வாங்க. வெளியே பார்த்தா வழவழன்னு இருக்கும், லேத்துல கடையும்போதுதான் குட்டு உடையும்!

அதனால, கைதேர்ந்த மோல்டர் மணலை ஒரு பிடி பிடிச்சுப் பார்ப்பார். பிடிகொழுக்கட்டை மாதிரி நிக்கணும், உள்ளங்கையில ஈரம் ஒட்டக் கூடாது. அதுக்கப்புறமும் விடமாட்டாங்க. தயாரான கூட்டுக்குள்ள அழுத்தமாத் தண்ணி ஏத்தி, எங்கேயாவது வியர்க்குதான்னு சுத்திச் சுத்திப் பார்ப்பாங்க.