ரிஷபமா? யானையா?

கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் ஐராவதேஸ்வரர் திருக்கோயிலுக்குச் சென்ற மாதம் பேரனுடன் போயிருந்தேன். இரண்டாம் ராஜராஜ சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இத்தலத்தில், அவசரமாக நடப்பவர் கண்ணில் படாத சிறு சிற்பம் ஒன்று உண்டு.

"தாத்தா, யானை!" என்றான் பேரன். எனக்கோ ரிஷபம் தெரிந்தது. இருவர் சொன்னதும் சரியே. யானையும் ரிஷபமும் எதிரெதிரே நிற்க, இரண்டுக்கும் பொதுவாக ஒரே தலையைச் செதுக்கியிருக்கிறார் சிற்பி. ரிஷபத்தின் உடலைக் கையால் மறைத்துப் பார்த்தால் அது யானையின் தலை; யானையின் உடலை மறைத்தால் அதே தலை ரிஷபத்துக்கு உரியது.

"தலை ஒண்ணுதானே தாத்தா, அது எப்படி மாறும்?" என்று கேட்டான்.

தலை மாறவில்லை, அதனுடன் சேர்ந்து தெரிவதுதான் மாறியது. நம் கண் எந்தப் பொருளையும் தனித்துக் காண்பதில்லை. அருகில் உள்ளவற்றோடு சேர்த்தே 'இது இன்னது' என்று மனம் முடிவு செய்கிறது.

பௌர்ணமியன்று கிரிவலம் செல்லும் அன்பர்கள் இதை எளிதில் சோதித்துப் பார்க்கலாம். மாலையில் அடிவானத்தில் எழும் நிலவு தாம்பாளம்போல் பெரிதாகத் தெரியும். நள்ளிரவில் உச்சியில் சிறுத்துத் தெரியும். கையை முழுவதும் நீட்டிச் சுண்டு விரலை நிலவுக்கு நேரே வையுங்கள். இரு வேளையிலும் விரல் நகமே நிலவை மறைத்துவிடும். அளவு மாறவே இல்லை! அடிவானத்தில் மரங்களும் வீடுகளும் உடனிருந்து தொலைவை உணர்த்துவதால் நிலவு பெரிதாகத் தோன்றுகிறது என்பது அறிஞர் பலர் கூறும் விளக்கம்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் என்ற பேராசிரியர் 1995-இல் ஒரு படத்தை உருவாக்கினார். சதுரங்கப் பலகை ஒன்றின்மேல் ஓர் உருளையின் நிழல் விழுகிறது. நிழலுக்கு வெளியே உள்ள ஒரு கட்டம் கறுப்பாகவும், நிழலுக்குள் உள்ள மற்றொரு கட்டம் வெளுப்பாகவும் தெரியும். ஒரு தாளில் இரண்டு துளைகள் இட்டு, சுற்றியுள்ளவற்றை மறைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறம்! 'நிழலில் இருப்பது உண்மையில் இன்னும் வெளுப்பாகவே இருக்கும்' என்று மனம் தானாகவே கணக்கிட்டுக்கொள்கிறது. இதைக் குறை என்று தள்ளிவிட முடியாது. மண்டப நிழலில் நிற்பவரின் வேட்டியும் வெயிலில் நிற்பவரின் வேட்டியும் நமக்கு ஒன்றுபோல வெள்ளையாகத் தெரிவது இந்தக் கணக்கினால்தான். எனினும், சில வேளைகளில் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது.

என் கணக்கும் ஒரு நாள் தப்பியது. வங்கிப் பணியில் இருந்த காலம். வேறொரு கிளையில் போலிக் கையொப்பமிட்டுப் பணம் எடுக்கப்பட்டதாக அன்று காலைதான் எச்சரிக்கைச் சுற்றறிக்கை வந்திருந்தது. சற்று நேரத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் காசோலையை அவர் மகள் கொண்டுவந்து நீட்டினார். கையொப்பக் கோடுகள் நடுங்கியிருந்தன. பிறர் கையொப்பத்தைப் பார்த்து எழுதுபவனின் கையும் இப்படித்தான் தயங்கும். 'கையொப்பம் வேறுபடுகிறது' என்று எழுதித் திருப்பிவிட்டேன்.

மறுநாள் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு அவரே வந்தார். "கையெழுத்து என்னுதுதான் சார். கைதான் பழைய கை இல்லை" என்றார். என் எதிரிலேயே கையொப்பமிட்டார். முந்தைய நாள் கண்ட அதே நடுக்கம். மாதிரி அட்டையை அருகில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். எழுத்தின் சுழிப்பும், கடைசிக் கோட்டின் வளைவும் மாறாமல் அப்படியே இருந்தன. அவை முந்தைய நாளும் இருந்தவைதாம். சுற்றறிக்கையைப் படித்த கண்ணுக்கு முதுமையின் நடுக்கம் திருட்டின் நடுக்கமாகத் தெரிந்துவிட்டது. மருந்து வாங்க வேண்டிய பணம் அது. ஓர் இரவு அவர் மருந்தின்றிக் கழித்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றார். அந்த வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது.

அரையிருளில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தோன்றுவதை கௌடபாதர் தம் மாண்டூக்ய காரிகையில் உவமையாக எடுத்தாண்டார். கயிற்றில் பிழையில்லை, இருள்தான் அதைப் பாம்பாக்குகிறது. விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு மறைந்துவிடும்.

மனிதர்களையும் நாம் இப்படித்தான் பார்க்கிறோம். அவர் உடுத்திய உடை, உடன் வந்தவர், நாம் காலையில் கேட்ட செய்தி ஆகிய எல்லாம் சேர்ந்து அவர் முகத்தை நமக்கு வரைந்து காட்டிவிடுகின்றன. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும் முன் சுற்றியுள்ளதை ஒரு கணம் மறைத்துவிட்டுப் பார்ப்போமே!

தாராசுரம் செல்லும் அன்பர்கள் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சிற்பத்தின் எதிரில் நிறுத்தி, முதலில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பிறகு கையால் மறைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.