மண்டேலா நகர்ல இறக்கி விடுங்கண்ணே

ஆடி கடைசி வெள்ளியன்று இருக்கன்குடிக்கு வண்டி கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் இருக்கும் மாரியம்மனைப் பார்க்கச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் சிறப்புப் பேருந்துகள் வரும். நெல்லை, தூத்துக்குடிப் பக்கமிருந்து நடந்தும் வருவார்கள். அதே ஊரிலிருந்து மறுவாரம் ஒரு பையன் சிங்கப்பூருக்குக் கிளம்பினால், அவனை மதுரை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோக ஒரு நேர் வண்டி கிடையாது. ஆகவே வேன் பேசுவார்கள். போகிறவன் ஒருத்தன், அனுப்பப் போகிறவர்கள் பத்துப் பேர். வேன் வாடகை, எட்டூர்வட்டம் டோல்கேட், கப்பலூர் டோல்கேட், திரும்பும் வழியில் எல்லாருக்கும் புரோட்டா. கூட்டிப் பார்த்தால் சில நாள்களில் சென்னைக்கான விமான டிக்கெட்டே தேவலை என்று தோன்றும்.

வேன் இல்லாமல், பேருந்திலேயே விமானத்தைப் பிடிக்க முடியுமா? முடியும். வழியும் அப்படியொன்றும் சுற்றில்லை.

இருக்கன்குடியிலிருந்து சாத்தூர் ஏழெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ், மினிபஸ், ஷேர் ஆட்டோ, வீட்டு பைக் எதிலாவது வந்துவிடலாம். சாத்தூரிலிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலையில் சுமார் 75 கிலோமீட்டர். விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம் தாண்டியதும் கப்பலூர். இங்கேதான் கவனிக்க வேண்டியது. மதுரையின் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்குப் போகிற வண்டி கப்பலூரில் பிரிந்து ரிங் ரோட்டைப் பிடிக்கும். அந்த ரிங் ரோடு ஏர்போர்ட் சாலையை மண்டேலா நகரில் குறுக்கிடுகிறது. அங்கிருந்து முனையம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். அதாவது நம் ஊர் வண்டி தினமும் விமான நிலையத்தின் வாசல் தெருவைத் தாண்டித்தான் போகிறது, உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை.

விஷயம் தெரியாதவர்கள் மாட்டுத்தாவணி வரைக்கும் போய், அங்கிருந்து வேறு வண்டி பிடித்து, வந்த வழியிலேயே பாதி தூரம் திரும்பி வருகிறார்கள். தெரிந்தவர்கள் சாத்தூரில் ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லிவிடுவார்கள்.

"அண்ணே, மண்டேலா நகர்ல இறக்கி விடுங்கண்ணே. ஏர்போர்ட் போகணும்."

"மாட்டுத்தாவணி டிக்கெட்தான் தருவேன். திருமங்கலம் தாண்டுனதும் படிக்கிட்ட வந்துரணும். அங்க வந்து பெட்டியைத் தேடிக்கிட்டு நிக்கக் கூடாது."

இந்த இரண்டு வரிப் பேச்சு சாத்தூரிலேயே முடிந்துவிட வேண்டும். கப்பலூர் வந்தபிறகு ஆரம்பித்தால் வண்டி பாண்டிகோவில் பக்கம் போயிருக்கும். இறங்கியதும் ஆட்டோ நிற்கும். பேரம் பேசிவிட்டு ஏறுங்கள். கைப்பை ஒன்றுதான், விடிந்தும்விட்டது என்றால் நடக்கிறவர்களும் உண்டு. இரண்டு பெட்டியோடு நடப்பது வீரம்தான், புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு வழியும் உண்டு. சாத்தூரிலிருந்து அருப்புக்கோட்டை போய், அங்கிருந்து காரியாபட்டி வழியாக மதுரை போகிற பேருந்தில் ஏறினால், அது விமான நிலையத்தை ஒட்டிய பெருங்குடியைத் தொட்டுக்கொண்டு வரும். ஓடுபாதையை நீட்டும் திட்டம் எப்போது பேசப்பட்டாலும், சாலைக்குச் சுரங்கப்பாதை போடுவதா, சாலையையே சுற்றிவிடுவதா என்ற பேச்சும் கூடவே வருகிறதே, அதிலிருந்தே சாலையும் ஓடுபாதையும் எவ்வளவு நெருக்கம் என்று தெரியும். இரண்டு வண்டி மாறுவது தொந்தரவுதான். ஆனால் பாளையம்பட்டி, பந்தல்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இதுவே நேர்வழி.

வழியைக் கண்டுபிடித்தாயிற்று. கஷ்டம் இருப்பது நேரத்தில். பேருந்து ஊரின் நேரத்துக்கு ஓடுகிறது. பள்ளிக்கூடம், மில் ஷிப்ட், பட்டாசு ஆலைக்குப் போகிற கூட்டம், சந்தை என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. விமானத்தின் கணக்கு வேறு. மதுரை விமான நிலையம் 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. இனி நடுச்சாமத்திலும் ஆள் கிளம்ப வேண்டிவரும்.

அதனால் பயணத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். விமானம் காலை 10.30 என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி போடும் கவுன்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆக 9.30. வரிசையில் நிற்க ஒரு மணி நேரம் விட்டால் 8.30க்கு வாசலில் இருக்க வேண்டும். மண்டேலா நகரில் 8 மணி. சாத்தூரிலிருந்து அங்கே வர ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம். 6 மணிக்குச் சாத்தூரில் வண்டி ஏறியாக வேண்டும். வருகிற வண்டியில் இடம் இல்லாமல் அடுத்ததற்கு நிற்க அரை மணியைச் சேர்த்தால் 5.30. இருக்கன்குடியில் 5 மணிக்கு வாசல் தெளிக்கிற நேரத்தில் கிளம்ப வேண்டும். வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

நடுராத்திரி விமானத்துக்கு வேறொரு சங்கடம். மதுரை–நெல்லை சாலையில் இரவு முழுக்க வண்டி ஓடும். ஆனால் தொலைதூர வண்டிகளில் பல, ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே பறந்துவிடும். நாலுவழிச் சாலை போட்ட நாளிலிருந்து அதை ஒட்டிய சின்ன ஊர்களுக்கெல்லாம் இருக்கிற பழைய மனக்குறை இது. சாலை பெரிதானபோது ஊர் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

சரி, நேர் பேருந்து விட்டால் என்ன? மைசூரிலிருந்து பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்துக்குக் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் 2013 முதல் 'ஃப்ளைபஸ்' ஓட்டுகிறது. கொழும்பில் 187ஆம் எண் பேருந்து கோட்டையிலிருந்து கட்டுநாயக்கா வரை போகிறது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்கலாம். மைசூரில் ஏறுவதற்கு ஒரு நகரமே இருக்கிறது, பெங்களூருவில் நிமிடத்துக்கொரு விமானம் இருக்கிறது. மதுரையிலிருந்து கிளம்பும் ஒரு ஏடிஆர் விமானத்தில் 80 பேருக்குள்தான் இடம். அவர்களும் பல மாவட்டத்துக்காரர்கள். அதில் சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். நாலு பேருக்காக ஒரு பஸ் ஓடாது, ஓட்டினாலும் மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

என்னைக் கேட்டால் புது வண்டியே தேவையில்லை. கோவில்பட்டி, நெல்லைப் பக்கமிருந்து மாட்டுத்தாவணி போகும் வண்டிகளில் விமான நேரங்களை ஒட்டி நாலைந்தை மண்டேலா நகரில் திருப்பி, முனைய வாசலைத் தொட்டுவிட்டுப் போகச் செய்தால் போதும். போக வர ஐந்தாறு கிலோமீட்டர் கூடும். பலகையில் 'வழி: ஏர்போர்ட்' என்று எழுதினால் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் நாலு ஊருக்கும் அது விமான பஸ் ஆகிவிடும். ஆடி வெள்ளிக்கு ஊர் ஊராக வண்டியைத் திருப்பிவிடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை.

தூத்துக்குடி விமான நிலையம் ஒரு மாற்று. வாகைகுளத்தில் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. சென்னை, பெங்களூரு போகிறவர்கள் அந்த நேரங்களையும் பார்த்து வைக்கலாம். சொந்தக் கார் இருந்தால் எளிது. பேருந்தில் என்றால் நெல்லை போய், தூத்துக்குடி வண்டி மாறி, வழியில் வாகைகுளத்தில் இறங்க வேண்டும். சுற்றுதான்.

பெட்டி கட்டும்போது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் சில எச்சரிக்கைகள். வெளியூர் நண்பர் கேட்டார் என்று ஒரு பெட்டி மத்தாப்பைத் துணிக்குள் சுருட்டி வைக்காதீர்கள். பட்டாசு கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. தீப்பெட்டிக்கும் அதே கதிதான். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர்கள், ஆலைக்குப் போட்டுப்போன உடுப்போடும் பையோடும் கிளம்பாமல் இருப்பது நல்லது. பாதுகாப்புச் சோதனையில் சிறு துணியால் பையையும் கையையும் துடைத்து ஒரு கருவியில் வைப்பார்கள். வெடிமருந்தின் துகள் ஒட்டியிருந்தால் அது கத்த வாய்ப்புண்டு. பிறகு விளக்கம் சொல்லியே நேரம் போய்விடும். கோயிலில் உடைத்த தேங்காயைக் காயவைத்து மகனுக்குக் கொண்டுபோகிற தாய்மார்களே, கொப்பரையைச் சரக்குப் பெட்டியில் போட விடமாட்டார்கள். எண்ணெய் நிறைந்த அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சாத்தூர்ச் சேவுக்கு ஒரு தடையும் இல்லை. நொறுங்காமல் இருக்க டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள்.

திரும்பி வருகிறவர்களுக்கு ஒன்று. மண்டேலா நகரில் திருமங்கலம் போகிற பக்கமாக நில்லுங்கள். 'திருநெல்வேலி' பலகையைப் பார்த்ததும் ஏறிவிடாமல், "சாத்தூர் ஊருக்குள்ள போகுமாண்ணே, பைபாஸா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். பைபாஸ் என்று சொன்னால், விருதுநகர் தாண்டுவதற்குள் வீட்டுக்கு போன் போட்டு, தம்பியை பைக்கோடு வரச் சொல்லுங்கள்.