முதுகில் ஊசி போட்டபின் தலைவலி – யாருக்கு வரும்?

“ஆபரேஷன் பண்ணினா முதுகுல ஊசி போடுவாங்க. அப்புறம் ஆயுசுக்கும் தலைவலிதான்!” – கர்ப்பிணித் தாய்மார்கள் பலர் இப்படிப் பயப்படுகிறார்கள். இந்தப் பயத்தால் அவசியமான சிசேரியனைத் தள்ளிப்போடுவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

தண்டுவடத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. அதற்குள் தெளிந்த நீர் இருக்கிறது. மூளையும் இந்த நீரில்தான் மிதக்கிறது. மரத்துப்போகும் மருந்தை இந்த நீரில்தான் செலுத்துகிறார்கள். ஊசி போன துளை வழியே சில நாள் நீர் கசிந்தால் தலைவலி வரும். எழுந்து உட்கார்ந்தால் வலிக்கும், படுத்தால் குறையும். இதுவே அடையாளம். பெரும்பாலும் 3 நாளுக்குள் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். 1898-இல் இந்த முறையில் ஆபரேஷன் செய்த ஜெர்மன் டாக்டர் ஆகஸ்ட் பியர், தம் உடம்பிலும் சோதித்துப் பார்த்து, இதே தலைவலியை அனுபவித்தார்.

யாருக்கு அதிகம் வரலாம்?

1. குழந்தைகள், முதியவர்களைவிட இளவயதினருக்கு.
2. ஆண்களைவிடப் பெண்களுக்கு, அதிலும் பிரசவ காலத்தில்.
3. முன்பு இந்த ஊசியால் தலைவலி வந்தவர்களுக்கு. அடிக்கடி தலைவலி உள்ளவர்களுக்கு.
4. ஊசி பருமனாக இருந்தால், அல்லது பலமுறை குத்த நேர்ந்தால். மெல்லிய, பென்சில் முனை போன்ற ஊசிகளால் இது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

“தலையணை வச்சா, அதான் வந்துச்சு”, “சீக்கிரமே உட்கார்ந்துட்டா” என்று பிள்ளை பெற்றவளைக் குறை சொல்லாதீர்கள். நாள் முழுக்க மல்லாந்து படுத்திருந்தாலும் இதைத் தடுக்க முடியாது.

என்ன செய்யலாம்?

முன்பு தலைவலி வந்திருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி போடும்போது முதுகை வளைத்து அசையாமல் இருங்கள். தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையும் ஓய்வும் பெரும்பாலும் போதும். வழக்கம்போல் தண்ணீர் குடியுங்கள். குறையாவிட்டால், தாயின் கையிலிருந்தே சிறிது ரத்தம் எடுத்து முதுகில் செலுத்தி, கசிவை அடைக்கும் சிகிச்சை பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு.

கணவர்மார்களே! மனைவி எழ முடியாத நாட்களில் குழந்தையை எடுத்துப் பக்கத்தில் கிடத்துங்கள். படுத்தபடியே பால் கொடுக்கட்டும்.

இவற்றை அலட்சியம் செய்யாதீர்கள்

படுத்தாலும் குறையாத தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு, கண் மங்கல், வலிப்பு, கை கால் தளர்ச்சி – இவற்றில் ஒன்று இருந்தாலும் “ஊசித் தலைவலிதானே” என்று இருந்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரை ரத்தக் கொதிப்பு ஏறலாம், மூளையில் ரத்தம் உறையலாம், கிருமி தாக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

சந்தேகம் எதுவானாலும் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.