இலவசம் முடிந்த மறுநாள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் கோவில்பத்துத் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் செல்போனும் கையுமாக வந்தார். பிரான்ஸில் இருக்கும் மகன் பணம் அனுப்பி, பொங்கலுக்குத்தான் அவர் புது லேப்டாப் வாங்கியிருந்தார். அதைப் பற்றிச் சந்தேகம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, பேங்க் கணக்குல இருந்து 499 ரூபாய் போயிருக்கு. நான் யாருக்கும் கொடுக்கல. யாரோ கம்ப்யூட்டர் வழியா உள்ள புகுந்துட்டான். கணக்கை மூடிடலாமா?"

பென்ஷன் வருகிற கணக்கு அது. மூடினால் என்னென்ன அலைச்சல் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் உட்காருங்கள் சார் என்று சொல்லிவிட்டு எஸ்.எம்.எஸ். பெட்டியைத் திறந்தேன். படிக்காத செய்திகள் நானூறுக்கும் மேல் இருந்தன. பணம் போவதற்கு முந்தைய நாள் வங்கி அனுப்பிய எஸ்.எம்.எஸ். அந்தக் குவியலில் கிடந்தது. நாளை இன்ன நிறுவனத்திற்கு 499 ரூபாய் எடுக்கப்படும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

யாரும் உள்ளே புகவில்லை. ஒரு மாதத்திற்கு முன் ரீசார்ஜ் செய்தபோது, வீடியோ ஆப் ஒன்று 30 நாள் இலவசம் என்று திரையில் வந்திருக்கிறது. சரி என்று தட்டியிருக்கிறார். ஒரு ரூபாய் கேட்டது, யுபிஐ பின் நம்பரைப் போட்டிருக்கிறார். அந்த ஒரு ரூபாயும் திரும்பி வந்துவிட்டது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, பிடிக்காமல் ஆப்பை அழித்துவிட்டார். அழித்தால் எல்லாம் முடிந்தது என்பது அவர் கணக்கு. புதிதாகக் கம்ப்யூட்டரும் ஸ்மார்ட்போனும் வாங்குபவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

அந்த ஒரு ரூபாய் எதற்கு?

ட்ரையல் என்று வரும்போது நாம் பின் நம்பர் போடுவது அந்த ஒரு ரூபாய்க்காக மட்டும் அல்ல. இனி மாதாமாதமோ, ஆண்டுக்கு ஒரு முறையோ, இந்தத் தொகை வரை என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வங்கிக்கு அனுமதி எழுதிக் கொடுக்கிறோம். இதற்கு மேண்டேட் என்று பெயர். யுபிஐயில் ஆட்டோபே என்பார்கள். 2020 ஜூலையில் இந்த வசதி வந்தது. அந்த அனுமதி வங்கியிடம் இருக்கிறது. போனிலிருந்து ஆப்பை நீக்கினாலும், சிம் கார்டைக் கழற்றி எறிந்தாலும், அது அப்படியே இருக்கும்.

ரிசர்வ் வங்கி இதற்கு விதிகள் வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் அவை கண்டிப்பாக அமலுக்கு வந்தன. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அப்போதே வேண்டாம் என்று சொல்லி நிறுத்தவும் வழி இருக்க வேண்டும். இந்த வசதிக்காக வங்கி கட்டணம் வாங்கக் கூடாது. 2022 ஜூனில் வந்த மாற்றத்தின்படி, பொதுவாக 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு தவணைக்கும் ஓடிபியோ பின் நம்பரோ கேட்கப்படாது. ஆகவே அந்த 24 மணி நேர எஸ்.எம்.எஸ். ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை மணி. விளம்பர எஸ்.எம்.எஸ்.களுக்கு நடுவில் அது புதைந்து போகிறது என்பதுதான் வேதனை.

எங்கே பார்ப்பது?

சாரின் போனில் யுபிஐ ஆப்பைத் திறந்து, அவருடைய படத்தைத் தட்டியதும் ஆட்டோபே என்ற பிரிவு கிடைத்தது. உள்ளே இரண்டு மேண்டேட்கள் இருந்தன. ஒன்று இந்த வீடியோ ஆப். மற்றொன்று அவருக்கே நினைவில்லாத ஒரு பாட்டு ஆப். இரண்டையும் ரத்து செய்திட பின் நம்பர் கேட்டது, போட்டார். இரண்டு நிமிட வேலை.

கார்டு எண் கொடுத்து ட்ரையல் எடுத்திருந்தால் வங்கியின் நெட் பேங்கிங் தளத்தில் பார்க்க வேண்டும். இ-மேண்டேட், ஸ்டேண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்று வங்கிக்கு வங்கி பெயர் மாறும். இதைப் போனின் சின்னத் திரையில் தேடுவதைவிடக் கம்ப்யூட்டரில் பார்ப்பது எளிது. ப்ளே ஸ்டோர் வழியாகச் சேர்ந்ததாக இருந்தால், கம்ப்யூட்டர் பிரவுசரில் ப்ளே ஸ்டோர் தளத்திற்குச் சென்று, உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து, சப்ஸ்கிரிப்ஷன் பகுதியைத் திறந்திடுங்கள். எது எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படும் என்று வரிசையாகத் தெரியும். லேப்டாப்போடு வரும் ஆன்ட்டி வைரஸ் ட்ரையலும் இந்த ரகம்தான். கார்டு எண் கேட்காத வரை கவலை இல்லை. கேட்டால், அன்றே அதன் தளத்தில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். பெரும்பாலானவற்றில் நிறுத்திய பிறகும் ட்ரையல் முடியும் நாள் வரை பயன்படுத்தலாம்.

பிரான்ஸ் கணக்கு வேறு

"என் மகன் அங்க போன் கனெக்‌ஷனை விட முடியாம ரெண்டு வருஷம் மாட்டிக்கிட்டான். நானும் மாட்டிக்கிட்டேனா?" என்று சார் கேட்டார். காரைக்காலில் பிரான்ஸ் உறவு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் இந்தக் குழப்பம் இங்கு சகஜம்.

அங்கே 12 அல்லது 24 மாத ஒப்பந்தம் வழக்கத்தில் உண்டு. இணையத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிவிடலாம். அதன் பிறகு காலம் முடியும் முன் விலகினால் மீதி மாதங்களுக்குப் பணம் கேட்பார்கள். 24 மாத ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டு கடந்துவிட்டால், மீதித் தொகையில் கால் பங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2008-இல் சட்டம் வந்தது. இணையத்திலேயே எளிதாக ரத்து செய்யும் வசதி இருக்க வேண்டும் என்பது 2023 ஜூன் முதல் விதி.

நம் ஊரில் பெரும்பாலோர் ப்ரீபெய்டு. ஒப்பந்தமே இல்லை. ரீசார்ஜ் செய்யாவிட்டால் சேவை நிற்கும், அவ்வளவுதான். ஆனால் 14 நாள் சலுகையும் நமக்கு இல்லை. தவறான பிளானில் ரீசார்ஜ் செய்துவிட்டால் போனது போனதுதான். ஆகவே பணம் கட்டும் பட்டனை அழுத்தும் முன் எத்தனை நாள் என்பதைப் படித்திடுங்கள். 28 நாள் பிளான் என்றால் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ். 30 நாள் பிளான் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அவற்றை முதல் பக்கத்தில் எதிர்பார்க்காதீர்கள், தேடித்தான் எடுக்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த விதிப்படி, டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜும் தர வேண்டும். சார் வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது, அவர் வெளியே போவதே கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும்தான். அவருக்கு இது போதும் என்று சொன்னேன்.

எண்ணை விடாமல் மாறலாம்

சிக்னல் சரியில்லை, வேறு நிறுவனத்திற்கு மாறினால் எண் போய்விடுமோ என்பது அவருடைய அடுத்த பயம். பென்ஷன், ஆதார், கேஸ் என்று எல்லாமே அந்த எண்ணில். போகாது. எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க உள்ளது. போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு உங்கள் எண்ணை எழுதி, 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். வரும் கோடு நம் பகுதியில் நான்கு நாள் செல்லும். அதற்குள் புது நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், ஆனால் டெலிபோன் கணக்கில் காரைக்காலும் தமிழ்நாட்டு வட்டத்தில்தான். ஆகவே நாகப்பட்டினத்தில் வாங்கிய எண்ணை இங்கே மாற்றினாலும் 3 வேலை நாள் போதும்.

இந்த எண்ணை வாங்கியோ, கடைசியாக நிறுவனம் மாறியோ 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. சிம் கார்டை மாற்றியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும், இது 2024 ஜூலையில் சேர்ந்த விதி. விண்ணப்பித்த பிறகு மனம் மாறினால், 24 மணி நேரத்திற்குள் கேன்சல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து எண்ணுடன் அதே 1900-க்கு அனுப்பி நிறுத்தலாம்.

இதில் எதற்கும் நிறுவனம் சரியான பதில் சொல்லாவிட்டால் முதலில் அதன் புகார் மையம். அங்கே கொடுக்கும் புகார் எண்ணை எழுதி வையுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதலாம். நுகர்வோர் ஆணையத்திற்குப் போகும் உரிமையும் உண்டு என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பொதுவான யோசனைக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

சாருக்கு அந்த 499 ரூபாய் திரும்பவில்லை. ஓர் ஆண்டுச் சந்தா என்பதால் அடுத்த ஆண்டு வரை பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அவரும் ஆப்பை மறுபடி இறக்கி, பழைய படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கிளம்பும்போது ஒன்று கவனித்தேன். அவர் எண்ணுக்கு அடித்தால் காலர் டியூன் பாடுகிறது. இதற்கும் மாதாமாதம் காசு போகிறது சார், இம்மாதிரி கூடுதல் சேவைகளை நிறுத்த 155223 என்ற இலவச எண் இருக்கிறது, நிறுத்திவிடலாமா என்றேன்.

"அது இருக்கட்டும் தம்பி. வீட்டுல அவங்க கேட்டு வெச்ச பாட்டு."

அதை மட்டும் விட்டுவிட்டோம்.