பாலாற்று வட்டார நீர்நிலைகளில் பூச்சிக்கொல்லிகளும் நன்னீர் மீன்களும்

பூச்சிக்கொல்லி ஒன்று மீன்களுக்கு எவ்வளவு நச்சானது என்பதை அறிய, சோதனைக்கு உட்படுத்திய மீன்களில் பாதி 96 மணி நேரத்தில் இறக்கும் செறிவைக் கணக்கிடுவது ஆய்வுலக வழக்கம். தூய நீர், ஒற்றை நஞ்சு, நலமான மீன் ஆகிய மூன்றும் இக்கணக்கின் அடிப்படைகள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை உள்ளிட்ட வேலூர் வட்டாரத் தோல் தொழிற்பகுதியில் இம்மூன்றும் ஒருங்கே அமைவது அரிது.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் வறண்டே கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வயல்களிலிருந்து வடியும் நீர், அங்குத் தெளிக்கப்பட்ட மருந்துகளின் எச்சத்தையும் ஏரிகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்கள் மீனின் மூளையிலும் தசையிலும் உள்ள அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்குகின்றன. இறவாத மீனும் நிலைதடுமாறி நீந்துகிறது. இரை தேடவும் பகைக்குத் தப்பவும் இயலாமல் போகிறது. பைரித்திராய்டு வகையைச் சேர்ந்த சைபர்மெத்ரினைப் பாலூட்டிகளும் பறவைகளும் விரைந்து சிதைத்துவிடுகின்றன. மீன்களால் அவ்வாறு இயலுவதில்லை. ஆதலால் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவே மீன் இனங்கள் பலவற்றைக் கொல்லப் போதுமானது.

பூச்சிக்கொல்லி என்றாலே வயலை மட்டும் எண்ணுவது இவ்வட்டாரத்தைப் பொறுத்தவரை போதாது. தோலில் பூஞ்சை படராதிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலும் ஓர் உயிர்க்கொல்லியே. 1989இன் இறுதியில் ஜெர்மனி அதற்குத் தடை விதித்தது. 1991இல் இந்தியாவும் தடை செய்தது. மைட்டோகாண்டிரியாவில் ஆக்சிஜன் செலவாகியும் ஆற்றல் சேமிக்கப்படாத நிலையை அது உண்டாக்குகிறது. நஞ்சுண்ட மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. தோல் கழிவிலுள்ள கரிமப் பொருளோ நீரின் ஆக்சிஜனைக் குறைக்கிறது. இத்துடன், தோலைப் பதப்படுத்தி வைக்க இடும் உப்பும் குரோமியமும் சேரும்போது செவுள்களின் மீதான சுமை பெருகுகிறது. தனித்தனி நஞ்சுக்கு வகுத்த பாதுகாப்பு வரம்பு இங்குப் பொருந்தும் எனக் கொள்வதற்கில்லை.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதைக் குறிப்பிட்டது. அங்கு முதன்மையாகப் பேசப்பட்டவை நிலமும் குடிநீருமே. மீன்வளத்தின் இழப்பை மதிப்பிட, ஆய்வகக் குழாய்நீருக்கு மாற்றாக அந்தந்த ஏரி நீரிலேயே சோதனை நிகழ்த்துவதும், இறப்பு எண்ணிக்கையோடு நொதிச் செயல்பாட்டையும் அளப்பதும் இன்றியமையாதவை. சோதனை மீனின் தேர்விலும் கவனம் தேவை. விரால், காற்றை நேரே சுவாசிக்கும் மீன். கெண்டை தாங்காத நீரிலும் அது பிழைத்திருக்கும். ஏரியில் விரால் அகப்படுவதைக் கொண்டு நீர் தூயதெனக் கருத இயலாது.