பணம் கட்டினால் பாரம் குறையுமா?

அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு பொதுச் சாலைகளில் வாகனங்களை ஓட்ட அனுமதி கொடுப்பது எப்பொழுது, எந்த நிபந்தனையின் பேரில் என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் ஏதோ ஓர் இலாகாவின் உள்விவகாரம் போலத் தோன்றும். உண்மை அதுவன்று. சாலை ஜனங்களின் சொத்து. அவர்கள் செலுத்தும் வரியினால் போடப்பட்டது. அச்சொத்தைச் சிலர் தம் லாபத்துக்காக நசுக்கிவிட்டு, அபராதம் என்ற பெயரால் ஒரு தொகையைக் கட்டி அப்பால் போய்விடலாமா என்பதே கேள்வியின் சாரம். கூடாது என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள அமிர்தியை, அதன் அருவிக்காகவும் சிறு வன உயிரியல் பூங்காவுக்காகவும் நேயர்கள் பலர் அறிவர். திருவண்ணாமலைப் பெருஞ்சாலையில் கணியம்பாடி வரை சென்று, அங்கிருந்து மலையை நோக்கிப் பிரியும் பாதையில் போக வேண்டும். வடக்கே, ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்களைக் கோத்துக்கொண்டு சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஓடுகிறது. உப்பிட்ட பச்சைத் தோலும், சுண்ணாம்பும், ரசாயனங்களும், பதப்பட்ட சரக்கும் இரவு பகலாக அதில் போய் வருகின்றன. பெருஞ்சாலை கனமான போக்குவரத்தைக் கணக்கிட்டுப் போடப்பட்டது. அமிர்திப் பாதை போன்ற கிராமச் சாலைகளோ அவ்வாறு போடப்பட்டவையல்ல. ஆனால் கல்லும் மணலும் மரமும் ஏற்றிய லாரி எந்தச் சாலையில் நுழைந்தாலும் அதன் பாரம் ஒன்றே. பெருஞ்சாலை பத்து ஆண்டுகள் பொறுப்பதைக் கிராமச் சாலை ஒரு மழைக்காலம்கூடப் பொறுக்காது. அதனால் வரும் கஷ்டம், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதே பாதையை நம்பியிருக்கும் மலையோர ஏழைகளின் தலையில் விழுகிறது.

பாரம் மிகுந்தால் அச்சு முறியும் என்பதை வள்ளுவர் காலத்திலேயே நம்மவர் அறிந்திருந்தனர். இன்றைய லாரியின் அச்சு எளிதில் முறிவதில்லை. அதற்குப் பதிலாகச் சாலை முறிகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளைப் போட்டு, அவற்றின் மீது லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மீதுள்ள பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கன்று, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்பது அதன் முடிவு. பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே சேதம் இரட்டிக்கிறது. மிகுபாரத்தால் கிடைக்கும் லாபம் நேர்விகிதத்திலும், பொதுச் சொத்துக்கு வரும் நஷ்டம் பன்மடங்காகவும் வளர்வதை இக்கணக்கு காட்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட மொத்த எடைக்கு மேல் ஏற்றி ஓட்டக் கூடாது என்கிறது. 114-ஆம் பிரிவு, வாகனத்தை நிறுத்தி எடை போட்டுப் பார்த்து, மிகுதிச் சரக்கை இறக்கும்படி உத்தரவிட அதிகாரிக்கு உரிமை அளிக்கிறது. 194-ஆம் பிரிவு தண்டனையைச் சொல்லுகிறது. முன்பு 2,000 ரூபாயும், மிகுதியான டன் ஒன்றுக்கு 1,000 ரூபாயுமாக இருந்த அபராதம், 2019-ஆம் வருஷத் திருத்தத்தால் 20,000 ரூபாயும் டன்னுக்கு 2,000 ரூபாயுமாக உயர்ந்தது. ஐந்து டன் கூடுதலாக ஏற்றியவன் முன்பு 7,000 ரூபாய் கட்டினான். இந்த விகிதப்படி 30,000 கட்ட வேண்டும். எனினும் தொகையைவிட முக்கியமானது, மிகுதியை இறக்காமல் வாகனம் நகரக் கூடாது என்று அதே திருத்தம் வெளிப்படையாக விதித்திருப்பதுதான்.

இந்த விதியின் உயிர்நிலை சுப்ரீம் கோர்ட்டு முன்பே கண்டு சொன்னது. மிகுபாரம் ஏற்றுகிறவர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு, விசேஷ அட்டைகள் கொடுத்துச் சாலையில் விட்டுவிடும் வழக்கம் சில மாநிலங்களில் இருந்தது. 2005-ஆம் வருஷம் பரம்ஜித் பாசின் வழக்கில் கோர்ட்டு அதனைச் சட்டவிரோதம் என்று தீர்த்தது. குற்றத்துக்கு அபராதம் உண்டு. குற்றத்துக்கு லைசென்ஸ் கிடையாது. அபராத ரசீதைக் காட்டினால் அடுத்த பாலம் பலப்பட்டுவிடுமா?

தோல் ஜில்லாவின் மக்களுக்கு இந்தப் பாடம் புதிதன்று. பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த தோல் கழிவைப் பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், அசுத்தம் செய்தவனே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற தத்துவத்தை 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு நமது நாட்டுச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. தொழிற்சாலை ஒன்றுக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்ததோடு கோர்ட்டு நிற்கவில்லை. சுத்திகரிப்பு ஏற்பாடின்றியும் அனுமதியின்றியும் ஆலைகள் நடக்கலாகாது என்றும் உத்தரவிட்டது. பணம் கொடுத்தவன் தொடர்ந்து கெடுக்கலாம் என்ற அர்த்தம் அத்தத்துவத்துக்கு ஒருநாளும் இல்லை. ஆற்றுக்கு ஏற்ற நியாயம் சாலைக்கும் ஏற்கும்.

பிரிக்க முடியாத சரக்கின் கதை வேறு. மின்சார நிலையத்தின் பெரிய இயந்திரத்தைத் துண்டு துண்டாக அறுத்து அனுப்ப இயலாது. அதற்காக மத்திய சர்க்கார் தனி அனுமதி முறை வைத்திருக்கிறது. எடை, அச்சுகளின் எண்ணிக்கை, செல்லும் வழி ஆகியவற்றை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். வழியிலுள்ள பாலங்களின் பலத்தை ஆராய்ந்த பிறகே உத்தரவு கிடைக்கும். பாலத்தின் மீது வேறு வாகனமில்லாத வேளையில், நடுக்கோட்டில் ஊர்ந்து கடக்க வேண்டும். இவை நியாயமான நிபந்தனைகள்.

இந்த முறைக்கு எத்தகைய சோதனை வரக்கூடும் என்பதைப் பழைய வடாற்காடு ஜில்லாவே பார்த்தது. வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டையில், பெங்களூர்க் கோயில் ஒன்றின் பெருமாள் சிலைக்காக வெட்டிய ஒரே பாறை 300 டன்னுக்கு மேற்பட்டது. அது 240 சக்கர வண்டியில் 2018-ஆம் வருஷ இறுதியில் புறப்பட்டு, செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஊர்ந்து, 2019-இன் நடுவில்தான் பெங்களூர் சேர்ந்தது. டயர்கள் வெடித்தன. வழியோரக் கடைகளும் வீடுகளும் இடிபட்டன. கிருஷ்ணகிரி ஜில்லாவில் பாலம் தாங்காது என்று ஆற்றின் குறுக்கே தனியாக மண் பாதை போட்டார்கள். பக்தியை நாம் குறை கூறவில்லை. வழிநெடுக ஜனங்கள் தேங்காய் உடைத்துக் கும்பிட்டதையும் மறக்கவில்லை. ஆயினும் வண்டி கிளம்பும் முன்பே எந்தப் பாலம் தாங்கும், எந்தத் தெரு கொள்ளும் என்பதைப் பூரணமாகக் கணக்கிட்டிருந்தால் அத்தனை மாதங்கள் கழிந்திரா. பாரம் தெய்வத்தினுடையதானாலும் வியாபாரியினுடையதானாலும் பாலத்துக்குத் தெரிவது எடை ஒன்றே.

2018 ஜூலையில் மத்திய சர்க்கார் லாரிகளின் அச்சுப் பார வரம்பையே உயர்த்திவிட்டது. நான்கு டயருள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆயிற்று, பெரும் வண்டிகளின் உச்ச எடை 49 டன்னிலிருந்து 55 ஆயிற்று. சரக்குக் கூலி குறையும் என்பது அதற்குக் கூறிய சமாதானம். மேலே சொன்ன கணக்குப்படி அந்த ஓர் அச்சின் சேதம் ஏறக்குறைய 1.6 மடங்காகிறது. வரம்பை உயர்த்துகிறவர்கள், பழைய வரம்பை நம்பிப் போட்ட கிராமச் சாலைகளை மறந்துவிடலாகாது.

கண்டிப்புக் காட்டினால் வியாபாரம் கெடும் என்று சிலர் வாதிக்கக்கூடும். நாம் ஒப்பவில்லை. சட்டப்படி ஏற்றுகிற லாரிக்காரனே இன்று அதிகம் நஷ்டப்படுகிறான். அவன் இரண்டு நடையில் கொண்டுபோவதை அயலான் ஒரே நடையில் கொண்டுபோய்க் கூலியை வீழ்த்துகிறான். பிடிபடும்போது சாலையில் நிற்கிறவனோ கூலிக்கு ஓட்டும் டிரைவர். சொந்தக்காரனின் உத்தரவின் பேரிலேயே குற்றம் நடந்ததாகக் கொள்ளலாம் என்று 113-ஆம் பிரிவு கூறுகிறது. மிகுபாரத்தோடு ஓட்டச் செய்கிறவனையும் 194-ஆம் பிரிவு விடவில்லை. சட்டத்தின் இந்தப் பாதி ஏட்டில் உறங்கலாகாது.

ஆகவே நாம் கோருவன மூன்று. மிகுதிச் சரக்கு இறக்கப்படாமல் எந்த வண்டியும் எடை மேடையை விட்டு நகரக் கூடாது. ஏற்றி அனுப்பியவரிடமும் சொந்தக்காரரிடமும் தண்டத்தை வசூலிக்க வேண்டும். சாலையின் தன்மையைப் பார்த்துக் கனரக வாகனங்களைத் தடுக்க 115-ஆம் பிரிவு மாநில சர்க்காருக்கு உரிமை தந்திருக்கிறது; அமிர்திப் பாதை போன்ற மலையடிச் சாலைகளில் அதைப் பிரயோகித்து, தாங்கும் எடையைச் சாலை முகப்பிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். கிராம சபைகளில் தேச ஊழியர்கள் இக்கோரிக்கைகளைத் தீர்மானங்களாக நிறைவேற்றி ஜில்லா கலெக்டருக்கு அனுப்புவார்களாக. பொதுச் சொத்தைக் காக்க ஜனங்கள் கேட்காதவரையில் அதிகாரிகள் தாமாக விழித்துக்கொள்ளப் போவதில்லை.